கிளவுட்ல ஏத்தாத குரல்

இந்தப் பேய், ஆவி சமாசாரமெல்லாம் எனக்கு ஆகவே ஆகாதுவே. யாராவது ஆரம்பிச்சாலே கேலி பண்ணி எழுப்பி விட்டுருவேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்குதவன், ஒயரை உருவுனா மிஷின் நிக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச சாஸ்திரம். இப்ப நான் சொல்லப் போறதை நீரு நம்பினா நம்பும், நம்பாட்டி காப்பியைக் குடிச்சிட்டுப் போவும். நடந்தது நடந்ததுதான்.

ஆத்தங்கரை ஊர் ஒண்ணுல, அரசாங்க ஆபீஸ்ல கான்ட்ராக்ட் வேலை எனக்கு. தாமிரபரணியில வெள்ளம் வருதுன்னா கரையோர ஜனங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுத மிஷின் ஒண்ணு அங்கன இருந்துச்சு. அதுல பேசுதது எங்க ஆபீஸ் பிச்சையா அண்ணாச்சி பதிஞ்சு வச்ச குரல். "ஏ, ஆத்துல தண்ணி ஏறுது, மாட்டை அவுத்து விட்டுட்டு மேட்டுக்கு வாங்க"ன்னு சொல்லுவாரு, நடுவுல ஒரு இருமல் வேற. ஒவ்வொரு மழைக்கும் அந்தக் குரல்தான், கரையில சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அண்ணாச்சி திடீர்னு மாரடைப்புல போயிட்டாரு. கொஞ்ச நாள்லயே எல்லாத்தையும் கிளவுட்டுக்கு மாத்தணும்னு உத்தரவு வந்துச்சு. அதாவது மிஷின் நம்ம ஆபீஸ்ல இருக்காது, எங்கேயோ பெரிய கட்டடத்துல இருக்கும், நாம நெட்டு வழியா வேலை வாங்கிக்கிடணும். நல்ல விஷயம்தான், நான் குத்தம் சொல்லல. ஆனா அண்ணாச்சி குரலையும் ஏத்தவான்னு கேட்டதுக்கு எங்க மேடம், "அது எதுக்குப்பா, இருமலெல்லாம் கேக்குது. கிளவுட்லயே தெளிவா பேசுத பொம்பளைக் குரல் இருக்கு"ன்னுட்டாங்க. அந்தக் குரல் இருந்த டிஸ்க்கை நானே கழத்தி அழிச்சேன். ஒயரைச் சுருட்டி மிஷின் தலைமேலேயே வச்சு, பின்கட்டு ரூம்ல போட்டுப் பூட்டுனேன்.

அந்தக் கார்த்திகையில பிடிச்ச மழை விடவே இல்ல. ஒரு மத்தியானம், மத்தியானம்னுதான் பேரு, லைட்டைப் போட்டாத்தான் ஆள் மூஞ்சி தெரியுது. அணையைத் திறக்கப் போறாங்கன்னு தகவல் வந்ததும் பட்டனைத் தட்டுனேன். கிளவுட் ஒரு நொடியில எல்லா ஊருக்கும் போன் போட்டுருச்சு. ஆனா ஸ்கிரீன்ல பார்த்தா, ஜனங்க போனை எடுக்குதாங்க, உடனே கட் பண்ணுதாங்க, அடுத்தவன் எடுக்குதான், அவனும் கட் பண்ணுதான். அப்புறம்தான் உறைச்சுது. "அன்பார்ந்த பொதுமக்களே"ன்னு ஒரு பிள்ளை பதவிசா ஆரம்பிச்சா நம்மாளு என்ன நினைப்பான்? லோன் வேணுமான்னு கேக்குத பிள்ளைன்னு வச்சிட்டுப் போயிருவான்.

எங்க தங்கச்சி செல்லம் அந்தக் கரையோரத் தெருவுலதான் இருக்கா. புருஷன் துபாய்ல, இவ கைக்குழந்தையோட தனியா. அவளுக்குப் போட்டா தொடர்பு எல்லைக்கு வெளியேங்குது. அதுக்குள்ள அந்தப் பக்கத்து டவரு போச்சு, கரையோர ஊர் எதுக்கும் லைன் கிடைக்கல. ரோட்டுல இடுப்பளவு தண்ணி, போகவும் வழியில்ல. மேடம் போலீசுக்குப் பேசிட்டே இருக்காங்க. பழைய மிஷினை எப்படியாவது எழுப்ப முடியாதான்னு ஒரு கிறுக்கு நினைப்புல பின்கட்டுக்கு ஓடுனேன். டிஸ்க்கே இல்லாத மிஷினை என்னத்த எழுப்புதது?

கதவைத் திறந்தா உள்ள விசிறி ஓடுது. உத்தரத்து விசிறி இல்லவே, மிஷினோட விசிறி. பச்சை லைட்டு எரியுது, ஒயரு நான் சுருட்டி வச்ச மாதிரியே அதும் தலைமேல கிடக்கு. டக் டக்னு நம்பர் போடுத சத்தம் வேற. தொட்டேன், சுட்டுச்சு. யாரையாவது கூப்பிடலாம்னா வாயில சத்தமே வரல. அது தானா அடங்குத வரைக்கும் அப்படியே நின்னேன்.

மறுநாள்தான் அங்கன போக முடிஞ்சுது. செல்லம் வீட்டுல ஜன்னலுக்கு மேல சேறு. அவளையும் பிள்ளையையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துல பார்த்ததும் வெட்கத்தை விட்டு அழுதுட்டேன். தெரு ஜனம் மொத்தமும் அங்கனதான் இருந்துச்சு. "அண்ணாச்சி போன்ல சொன்னாரு, வந்துட்டோம்"னு எல்லாரும் ஒண்ணுபோலச் சொல்லுதாங்க. அவரு செத்தது அவங்களுக்குத் தெரியாது. டவரு இல்லாத போன்ல எப்படி வந்துச்சுன்னும் ஒருத்தரும் யோசிக்கல.

மேடம்கிட்ட சொன்னேன். "பழைய ரெக்கார்டிங் எங்கேயாவது ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும்பா"ன்னாங்க. சரி, அப்படியே இருக்கட்டும்னு நானும் மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா செல்லம் சொன்னது மட்டும் இன்னைக்கு வரைக்கும் என்னை விட மாட்டேங்கு. அவளுக்கு வந்த போன்ல மாட்டை அவுக்கச் சொல்லலயாம். "ஏளா செல்லம், பிள்ளையைத் தூக்கிட்டு மேட்டுக்குப் போ"ன்னாராம். அண்ணாச்சி அவளைப் பார்த்ததே கிடையாதுவே. இவ பயந்து போயி, "எங்க அண்ணன் ஆபீஸ்ல இருக்கான், அவனுக்கு ஒண்ணும் இல்லையே"ன்னு கேட்டிருக்கா.

"அவனுக்கு என்ன, இங்கன என் பக்கத்துலதான் நிக்கான், பேச்சு வராம"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாராம்.