நண்டு ஏறி இறங்கிய பதினேழு வீடுகள்

முப்பத்திரண்டு பக்கமுள்ள ஒரு குழந்தைப் புத்தகத்தைச் சென்ற மாதம் வரைக்கும் நான் ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை. அதிலும் பாதிக்கு மேல் படங்கள். ஆனால் அதே புத்தகத்தை என் மகளுக்கு இருநூறு தடவையாவது வாசித்துக் காட்டியிருக்கிறேன். அதெப்படி என்று கேட்பவர்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிப் பழகாதவர்கள்.

அப்போது அவளுக்கு நான்கு வயது. நான் அன்றைக்கும் இன்றைக்கும் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஒரே வேலைதான் பார்க்கிறேன். மாத்திரை அட்டையிலும், பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளிலும் அச்சாகியிருப்பது மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் லாரியையே நிறுத்திவிடுவேன். இவ்வளவு கறாரான ஆசாமி மியாப்பூர் வீட்டுக்கு வந்து தட்டைக் கையில் எடுத்ததும் ஆளே மாறிவிடுவான்.

கதை இதுதான். பாறை இடுக்கில் சிக்கி ஒரு கொடுக்கை இழந்த நண்டு, அதைத் தேடிப் புறப்படுகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு வாய் என்று கணக்கு. தட்டில் சோறு மிச்சமிருந்தால் நண்டு இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டும். எனக்குக் கண்ணைச் சொருகினால் நாலு பக்கம் சேர்ந்து புரளும். பள்ளியில் அவளுக்கு ஆங்கிலமும் தெலுங்கும் இந்தியும்தான். தமிழ் காதோடு சரி, எழுத்து தெரியாது. கண்டுபிடிக்க ஆளில்லாத இடத்தில் தப்பு செய்வது எவ்வளவு சுகம் என்பதை அந்த வருடங்களில் தெரிந்துகொண்டேன்.

"ஏங்க, நேத்து ஷேர் ஆட்டோவுல போன நண்டு இன்னைக்கு ரயில்வே ஸ்டேஷன்ல என்ன பண்ணுது?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்பாள்.

"ரசம் சாதம் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு" என்பேன்.

ஒருநாள் முடிவுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கம்பெனி பஸ் இரண்டு மணி நேரம் எங்கோ நின்று வந்திருந்தது. "நண்டுக்கு ரொம்ப அலுப்பா இருந்துச்சு. வீட்டுக்குப் போய்ப் படுத்துருச்சு. அவ்வளவுதான்" என்றேன். நான் சொன்னது நண்டைப் பற்றியே இல்லை. ஆனால் மறுநாள் அவள் அதே முடிவைக் கேட்டாள். அதற்கடுத்த நாளும்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு. சென்ற மாதம் பள்ளியில் ஒரு போட்டி வைத்தார்கள். படமாக எடுக்கத் தகுதியான ஒரு குழந்தைப் புத்தகத்தைத் தேர்ந்து, போனிலேயே ஏழு நிமிடப் படமாக எடுக்க வேண்டும். எழுதியவரின் கையெழுத்துடன் அனுமதிக் கடிதம் கட்டாயம். மற்ற பிள்ளைகள் தடித்தடியான ஆங்கிலப் புத்தகங்களைத் தேடிப் போக, என் மகள் நண்டைத் தேர்ந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் வீட்டில் பிரசங்கம்தான். நம்மூரில் குழந்தைகளுக்கான படம் என்றால் ஒரு குழந்தை அழ வேண்டும், அதைப் பார்த்து நாலு பெரியவர்கள் திருந்த வேண்டும். ஒரு நண்டு தன் கொடுக்கைத் தேடி வீடு வீடாகப் போவதில் இல்லாத சினிமாவா? இப்படி எத்தனை சின்னப் புத்தகங்கள் படமாகாமல் அலமாரியில் கிடக்கின்றன என்று கை நீட்டிக் கேட்டேன். முழுதாய்ப் படிக்காத புத்தகத்தைப் பற்றி என்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேச முடியும்.

அவள் திரைக்கதை எழுதினாள், ஆங்கிலத்தில். நண்டின் குரல் எனக்கு. கம்பெனி பஸ்ஸில் மூக்கால் பேசி ஒத்திகை பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் தொண்டைக்கு ஒரு மாத்திரை நீட்டினார். அதன் அட்டையில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

எழுதியவர் இதே ஊரில், தார்நாகாவில் இருந்தார். புத்தகத்தின் பின்னட்டையிலேயே போன் நம்பர் இருந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மையார். ஞாயிறு மாலை வரச் சொன்னார். கடிதம் கொடுக்கத் திங்கள் கடைசி நாள்.

மெட்ரோவில் உட்கார்ந்ததும் மகள் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். "ப்பா, ஸ்டேஷன் சீன் எந்தப் பேஜ்? டிராயிங்குக்கு ரெஃபரன்ஸ் காவாலி." வேண்டும் என்பது அவளுக்குத் தெலுங்கில்தான் வரும்.

ஸ்டேஷன் சீன் என் தட்டில்தான் இருந்தது, புத்தகத்தில் இல்லை. "பின்னாடி எங்கயோ" என்றேன். பின்னாடிப் பக்கங்கள் எட்டு வருடத்துத் தயிர்சாதத்தில் ஒட்டிக்கிடந்தன. நகத்தால் மெல்லப் பிரித்தேன். நான் பார்த்தேயிராத படங்கள். முன்பக்கங்களையும் பதற்றத்தோடு புரட்டினேன். ஸ்டேஷன் இல்லை, ஆட்டோ இல்லை. நண்டு எங்குமே ஒரு வார்த்தை பேசவில்லை.

அமீர்பேட்டில் ரயில் மாறும்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கோச்சிங் சென்டர் கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு படியேறியது. கூட்டத்தின் மேல் பழியைப் போட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த நெரிசலிலும் எனக்கு அது ஒரு நிம்மதி.

அம்மையார் கதவைத் திறந்து, "ஹவ், நீங்கதானா போன் பண்ணது? உள்ள வாங்க" என்றார். ஹவ் என்றால் இந்த ஊரில் ஆமாம். பென்சிலோடு மேஜையில் உட்கார்ந்து திரைக்கதையைப் படித்தார். நான் வேலை பார்ப்பதும் அப்படித்தான். வரிக்கு வரி, விரல் வைத்து.

"பதினேழு வீடா? எதுக்கு இத்தனை? என் புத்தகத்துல மூணு வீடுதான்."

மகள் என்னைப் பார்த்தாள்.

"நண்டு ஷேர் ஆட்டோல ஏறுது. டிரைவர்கிட்ட சண்டை போடுது" என்று அம்மையார் அடுத்த தாளுக்குப் போனார்.

"அது என் ஃபேவரிட் சீன், ஆன்ட்டி."

"நான் எழுதலியேம்மா."

"அச்சுல ஏதோ விட்டுப் போயிருக்கும் மேடம்" என்றேன். உலகத்தில் இப்படிச் சொல்லத் தகுதியில்லாத ஒரே ஆள் நான்தான்.

"லேப்ல நண்டு ஓடுகளை வெச்சுத்தான் முப்பது வருஷம் வேலை பார்த்தேன் சார். ஒரு நண்டும் எங்கிட்ட வாயைத் திறக்கல." பென்சிலைக் கீழே வைத்தார். "இது என் கதை இல்ல. நான் எப்படிக் கையெழுத்து போடறது?"

மகள் அழவில்லை. தாளின் ஓரத்தை மடித்து மடித்து நீவினாள். "ரேப்பே லாஸ்ட் டேட்" என்றாள் மேஜையைப் பார்த்து. நாளைக்கு என்பது அவள் சொன்ன விதத்தில் ஏற்கெனவே முடிந்துபோனது போல இருந்தது.

பிறகு சொன்னேன். எல்லாவற்றையும்.

"முழுசாப் படிச்சதே இல்லையா?"

"சோறு தீர்ந்துடும் மேடம்."

அம்மையார் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "இப்போ சோறு இல்லை. படிங்க."

வாய்விட்டுப் படித்தேன். பதினோரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வீடுகளில் கொடுக்கு கிடைக்காத நண்டு, ஒரு கல்லுக்கடியில் போய் உட்கார்கிறது. அடுத்த மூன்று பக்கங்களில் எழுத்தே இல்லை; அலை வருகிறது, போகிறது. பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு நண்டு வெளியே வரும்போது, கொடுக்கு இருந்த இடத்தில் சின்னதாய், மென்மையாய் ஒன்று முளைத்திருக்கிறது. அவ்வளவுதான். தட்டில்லாமல் முதல்முறையாக அந்தக் கதையைக் கேட்ட மகள், என் முகத்தைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜஸ்ட் வெயிட் பண்ணுதா, ஆன்ட்டி?"

"ஹவ். வேற என்ன பண்ணும்?"

அவள் பென்சிலை எடுத்தாள். ஆட்டோ மேல் ஒரு கோடு. ஸ்டேஷன் மேல் ஒரு கோடு. வீடு வீடாக அடித்துக்கொண்டே போனாள். ஒவ்வொன்றும் எந்த நாள், என்ன குழம்பு என்று எனக்கு ஞாபகம் வந்தது. கடைசித் தாளில் பென்சில் நின்றது.

"இது ஒண்ணு மட்டும் வெச்சுக்கவா? டயர்டாகிப் படுக்குறது."

அம்மையார் கொஞ்சம் யோசித்தார். "ஓடு கழட்டறதுக்கு முன்னாடி நண்டு சோர்ந்துதான் கிடக்கும். தின்னாது, நகராது. அது சரிதான். வெச்சுக்கோ. ஆனா முடிவு என்னுது. அது பேசவும் கூடாது."

"ஓகே ஆன்ட்டி" என்று ஒரு நொடி தயங்காமல் சொன்னாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது அமீர்பேட்டில் அதே கூட்டம். கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கோபமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். இரண்டு ரயில் போனது, ஏற இடமில்லை. கால் கடுத்தது. பேச்சு எதையாவது ஆரம்பிக்க வேண்டுமே என்று, பஸ்ஸில் பழகிய அந்த மூக்குக் குரலிலேயே கேட்டேன்: "அப்போ படத்துல என் குரல் எங்க வருது?"

"நண்டு பேசாதுப்பா."