ரிவர்ஸ் கியர் மிட்ஃபீல்டர்

1. பத்தாம் நம்பர் பூட்ஸ்

2004ஆம் வருஷம் சென்னையில் எங்கள் கம்பெனி கிரவுண்டில் போய் நின்றபோது எனக்கு வயது பத்தொன்பது. கையில் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் இரண்டு சட்டை, பள்ளி சர்டிபிகேட், மாவட்ட டீமில் ஆடியதற்கு அத்தாட்சியாக ஒரு காகிதம்.

என்னை ஸ்டைபெண்ட் பிளேயராக எடுத்திருந்தார்கள். மாதாமாதம் ஒரு தொகை, ஹாஸ்டலில் சாப்பாடு, காலையிலும் மாலையிலும் பிராக்டிஸ், லீகில் ஆட்டம். இரண்டு வருஷம் முடிந்ததும் கோச் ஒரு லிஸ்ட் எழுதுவார். அதில் பெயர் இருந்தால் கம்பெனியில் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் மரக்காணம் பஸ்ஸைப் பிடித்து, அம்மாவோடு மறுபடி உப்பளத்தில் இறங்க வேண்டியதுதான். எனக்கு அந்த லிஸ்டைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

கோச் டேவிட் சார் ஐம்பதைத் தாண்டியவர். வாயிலிருந்து விசிலை எடுக்காமலே திட்டத் தெரிந்தவர்.

"எந்த ஊருப்பா?"

"மரக்காணம் சார்."

"அங்க ஃபுட்பால்லாம் ஆடறாங்களா?"

"மழைக்காலத்துல ஆடுவோம் சார். அப்போ உப்பு வேலை இருக்காது."

ஸ்டோரில் எட்டாம் நம்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். கால் நுழையவில்லை. ஒன்பதும் நுழையவில்லை. சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடு உப்புத் தண்ணீரில் நின்ற கால், பலகை மாதிரி பரந்து கிடந்தது. பத்தாம் நம்பரை வாங்கி, முன்னால் பஞ்சை அடைத்துப் போட்டுக்கொண்டேன். பஞ்சு அடைத்ததை ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான்.

2. முதுகில் கண்

முதல் வாரத்தில் ஒரு டிரில் நடந்தது. எதிராளி பந்தோடு வருவான். நாம் அவன் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே ஓட வேண்டும். எல்லோரும் பத்து அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் விழுந்தே விட்டார்கள். நான் கிரவுண்டின் பாதி தூரம் திரும்பாமல், கோணாமல், நேர்கோட்டில் போனேன்.

"டேய், உனக்கு முதுகுல கண்ணு கீதாடா?" என்றார் கேப்டன் சேகர் அண்ணன். அவர் வடசென்னைக்காரர்.

கண் எல்லாம் இல்லை. உப்பளத்தில் நீளக் கழி பூட்டிய மரப்பலகையால் உப்பை நம் பக்கம் இழுத்துக்கொண்டே பின்னால் போவோம். பள்ளிக்கூடம் போகும் முன் தினமும் நான் செய்த வேலை அது. பின்னால் ஒற்றையடி வரப்பு. தவறினால் பக்கத்துப் பாத்தியில் விழ வேண்டியதுதான். இதைச் சொன்னதும் கோச் என்னை டிஃபென்சிவ் மிட்ஃபீல்டில் போட்டார். டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று, வருகிறவனை விடாமல் பார்த்துக்கொள்ளும் இடம். பையன்கள் எனக்கு 'ரிவர்ஸ் கியர்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் வீட்டில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா நான் ஆறாவது படிக்கும்போதே போய்விட்டார், அம்மா மட்டும்தான். அலை வந்த நேரத்தில் அவள் மேட்டுத் தெருவில் சாவு வீட்டுக்குப் போயிருந்தாள். ஆனால் பாத்திகள் முழுக்கச் சேறு. மாதக்கணக்கில் அவளுக்கு வேலை இல்லை. என் ஸ்டைபெண்டில்தான் அடுப்பு எரிந்தது. பர்மனென்ட் என்ற சொல் அதற்குப் பிறகு எனக்கு இன்னும் கனமாகிவிட்டது.

3. வழியனுப்பி வைத்தவன்

இரண்டாவது சீசனில் என் குட்டு வெளிப்பட்டுவிட்டது. எதிர் டீம்காரர்கள் முட்டாள்கள் இல்லையே. இவன் பின்னால்தான் போவான், காலை நீட்டிப் பந்தைப் பிடுங்க மாட்டான் என்று கண்டுபிடித்தார்கள். நேராக என்னிடமே பந்தைக் கொண்டுவந்தார்கள். அவன் வர, நான் போக, அவன் வர, நான் போக, கடைசியில் எங்கள் கோல் வாசல் வரைக்கும் அழகாக அழைத்துக்கொண்டு போய் நிறுத்துவேன். அவன் நிதானமாக அடிப்பான்.

2006 ஆரம்பத்தில் ஒரே மேட்சில் இப்படி இரண்டு கோல் வாங்கினோம். ஹாஃப் டைமில் கோச் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அப்போதே தெரிந்துவிட்டது, சமாச்சாரம் பெரிசு என்று.

"நீ ஆளை மறிக்கலடா, வழியனுப்பி வைக்கறே. ரெண்டு வருஷத்துல ஒருத்தனையாவது முட்டியிருக்கியா? உன் பேரை எந்தக் கணக்குல நான் லிஸ்ட்ல எழுதறது?"

பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு பத்து நாள் லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பினார். அடுத்த மாதம் லிஸ்ட். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் போகும்போது, உப்பளங்கள் கண்ணில் பட்டதும் அழுதுவிட்டேன். பக்கத்து சீட்டு பாய் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

4. பாதி வேலை

சேறு எடுத்துச் சரிசெய்த பாத்திகளில் புது உப்பு விளைந்திருந்தது. அம்மாவுக்குத் தோள்பட்டை வலி. கையைத் தூக்க முடியவில்லை. "மேஸ்திரி வேற ஆளைப் போட்டுடுவாருப்பா" என்று பயந்தாள். அவளுக்குப் பதிலாக நான் விடியற்காலையில் இறங்கினேன். அவள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

பலகையைப் போட்டு இழுத்தேன். உப்பு வரவில்லை. பலகை மேலேயே வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி பலமாக இழுத்தேன். கழி கையைக் கிழித்ததுதான் மிச்சம்.

"ஏம்பா, ஒடைக்காமலே இழுக்கிறியே, எப்படி வரும்?" என்றாள் அம்மா.

"எதை ஒடைக்கிறது?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ராத்திரியில் உப்பு ஏடு கட்டி இறுகிவிடும். பாத்திக்குள் இறங்கி, பலகையை முன்னால் குத்தித் தள்ளி, அந்த ஏட்டை உடைத்துக்கொண்டே போக வேண்டும். அதற்குப் பிறகுதான் இழுப்பது. இத்தனை வருஷமும் நான் தூங்கி எழுந்து வருவதற்குள் அவள் எல்லாப் பாத்தியையும் உடைத்து வைத்திருக்கிறாள். உப்பளத்தான் என்று சென்னையில் மார்தட்டிய எனக்குத் தெரிந்தது பாதி வேலை. கஷ்டமான பாதி அவளுடையது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"ஸ்கூலுக்குப் போற புள்ளை, கொஞ்ச நேரம் தூங்கட்டுமேன்னுதான்."

பத்து நாளும் நானே உடைத்தேன். முதல் இரண்டு நாள் முன்னால் குத்தும்போது உடம்பு தானாகப் பின்னுக்கு நழுவியது. மூன்றாம் நாள் இடுப்பு பழகியது. பாரத்தை முன்கால் மேல் போடாவிட்டால் ஏடு உடையாது. இது பந்துக்கும் பொருந்தும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பாத்தியில் நின்றபடியே அது எனக்குப் பிடிபட்டது, சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என்னவோ ஏதோ என்று பயந்துபோனாள்.

5. மஞ்சள் கார்டு

சீசனின் கடைசி மேட்சில் சேகர் அண்ணனுக்கு முட்டி வீங்கிவிட்டது. ஆள் இல்லாமல்தான் கோச் என்னை இறக்கினார். "போ, ரிவர்ஸ்" என்றார். குரலில் நம்பிக்கையே இல்லை.

அவர்களுடைய பத்தாம் நம்பர் ஆட்டக்காரன் பழக்கப்படி பந்தோடு நேராக என்னிடம் வந்தான். நான் முன்னால் போனேன். அவன் எதிர்பார்க்கவில்லை, பந்து என் காலில் இருந்தது. இரண்டாவது தடவை ஏமாந்தேன். மூன்றாவது தடவை ஓர் இமைப்பொழுது தாமதித்துவிட்டேன். அவன் பறந்து போய் விழுந்தான். ரெஃப்ரி மஞ்சள் கார்டு காட்டினார். அந்த ஃப்ரீ கிக்கிலேயே கோல் விழுந்து, ஜெயிக்க வேண்டிய மேட்ச் ஒன்றுக்கு ஒன்று என்று டிராவானது.

போச்சு என்று நினைத்தேன். டிரெஸ்ஸிங் ரூமில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடிபட்டவனிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஹாஸ்டலில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டினார்கள். மூன்று பெயர். என் பெயர் இரண்டாவது. நம்ப முடியாமல் கோச்சிடமே ஓடினேன்.

"சார், என்னாலதானே சார் நேத்து கோல் விழுந்துச்சு?"

"ஆமா, உன்னாலதான். ஆனா ரெண்டு வருஷமா பின்னாலயே போனவன் நேத்து முன்னால போய் முட்டினே. நேத்துதான்டா நீ மேட்ச்ல இருந்தே."

ஊரில் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் செய்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். மூச்சு வாங்க வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ நான் இனிமே வேலைக்குப் போவ வேணாமாப்பா?"

"வேணாம்மா. நாளையிலேர்ந்தே போவாத."

"நாளைக்கு நம்ம பாத்தியில உப்பு எடுக்கிற நாளுப்பா. அதை முடிச்சுக் குடுத்துட்டு நின்னுக்கறேன்."

தோள்வலியோடு எதற்கும்மா என்று கத்தினேன். போனை வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. ஹாஸ்டல் மாடியில் லிஸ்டில் பெயர் வந்த மற்ற இரண்டு பேரும் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் விடிகாலையில் எழுந்திருக்க வேண்டாம், பூட்ஸை ஆணியில் மாட்டிவிடலாம் என்று பேச்சு. வேலைக்காக மட்டும் ஆடியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். என் பேச்சும் அதுவாகத்தான் இருந்திருக்கும், அம்மா அந்தப் பதிலைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு கிரவுண்டில் நான் ஒருவன் மட்டும் நின்றிருந்தேன். கோச் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதான் லிஸ்ட்ல பேர் வந்துடுச்சே. சீசனும் முடிஞ்சுது. இன்னிக்கு எதுக்குடா வந்தே?"

"பிராக்டிஸ் சார்" என்றேன்.

அவர் பந்துப் பையை அவிழ்த்து ஒரு பந்தை என் பக்கம் உருட்டிவிட்டார். அதற்குப் பிறகு பதினோரு சீசன் ஆடினேன்.