சந்தனம் ஒட்டிய முதல் பதிப்பு

என்னிடம் எட்டு விஞ்ஞான நாவல்கள் இருந்தன. எட்டும் முதல் பதிப்பு. இரண்டாம் பதிப்பை இனாமாகக் கொடுத்தாலும் தொடமாட்டேன். ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, கெஞ்சிக் கூத்தாடி, அவர் சம்மதித்ததும் புத்தகத்தைத் தபாலில் அனுப்பி, கையெழுத்தோடு திரும்ப வாங்குவேன். மிஷன் பள்ளி டீச்சருக்கு இதென்ன பைத்தியம் என்றார்கள். பைத்தியம்தான். அவர்களுக்கென்ன போயிற்று?

ஏழில் கையெழுத்து வந்துவிட்டது. செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் கதையை எழுதியவர் மட்டும் பதிலே போடவில்லை. யுத்தகாலக் காகிதத்தில் அச்சான புத்தகம் அது; இப்போதே ஓரம் உதிர ஆரம்பித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை ரயிலடிப் புத்தகக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "டீச்சரம்மா, உங்க செவ்வாய்க்காரரு காலை வண்டியில எறங்கி மலைக்குப் போயிருக்காருங்க."

என்னைப் பெற்ற நைனா திருச்சபையில் மூப்பர். மலைக்கோயில் படியில் கால் வைப்பது எங்கள் வீட்டில் மகா பாவம். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

பாதிப் படியில் எதிரே வந்தார். பின்னட்டைப் படத்தில் இருந்த கிராப்பு இல்லை. மொட்டை, அதன்மேல் ஈரச் சந்தனம். காதை வைத்துத்தான் அடையாளம் கண்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"நான் அவரில்லைம்மா."

"காது அவருதுதாங்க."

சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பொண்ணுக்கு டைபாய்டு வந்தப்போ வேண்டிக்கிட்டேன். சாமியே இல்லேன்னு எழுதுறவன் மொட்டை போட்டான்னு தெரிஞ்சா மானம் போயிடும். வெளியே சொல்லிடாதீங்க."

"நான் வேதக்காரி. இந்தப் படியில நின்னுகினு இருக்கேன். என்னை மட்டும் விட்டுடுவாங்களா? போடுங்க கையெழுத்து."

தலையைத் தடவிய கையாலேயே போட்டார். சந்தனம் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

நைனா கதைப் புத்தகங்களைத் திறக்கவே மாட்டார். ஆனால் மூக்கு இருந்ததே. வாசனை எந்தப் புத்தகத்திலிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டார். "மலைக்குப் போனியா? அதை அடுப்புல போடு. இல்லேன்னா நாளைக்கு சபை முன்னால மன்னிப்பு கேளு."

மறுநாள் பைபிளோடு அந்தப் புத்தகத்தையும் எடுத்துப் போய் எழுந்து நின்றேன். "ஏறினேன். எரிக்கமாட்டேன். மன்னிப்பும் கேட்கமாட்டேன்" என்றேன்.

யாரைப் பார்க்கப் போனாய் என்று பாதிரியார் கேட்டார். ஒருவரும் என்னை நல்லவிதமாக நினைத்திருக்கமாட்டார்கள். நினைக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவர் பெயரை இங்கேயும் நான் எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.