நாலு கேன்

எங்கள் கரையில் வள்ளம் இறக்கும்போது எதையும் எண்ணக் கூடாது. பெண்கள் எண்ணவே கூடாது. எண்ணினால் எண்ணினது திரும்பி வராது என்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை விடியலில் என் வீட்டுக்காரர் வள்ளத்தில் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கேன் ஏற்றினார். நாலு. பார்த்தேன், சொல்லவில்லை. கூட ஒருவர் போனார். நீவாடு, அதாவது கடலின் இழுப்பு, வெளியே பார்த்து இருந்தது.

மதியம் மகளைக் கூட்டிக்கொண்டு கோயில் ஹாலுக்குப் போனேன். அவளுக்குக் காது கேட்காது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராது என்று எழுதிவிட்டார்கள். நாகர்கோவில் பக்கத்து டீச்சர் ஒருத்தி சனிதோறும் வந்து, கணக்கில் தோற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாள். எழுத வராதவனுக்குக் கயிறு, உட்கார முடியாதவனுக்குத் தரையில் கட்டம். அவரவருக்கு எது பிடிபடுமோ அது. நான் படித்தது நாலாம் கிளாஸ். பின்னால் உட்காருவேன்.

அன்றைக்கு டீச்சர் என்னைக் கேட்டாள். "யக்கா, வள்ளத்துல எத்தன கேன் ஏத்துவாவ?"

"நாலு. ரெண்டு போக, ரெண்டு வர."

"இன்னிக்கி நீவாடு எப்பிடி?"

"வெளிய இழுக்குது."

தரையில் சாக்பீஸால் கரை வரைந்தாள். கரையிலிருந்து மீன் பிடிக்கிற இடம் வரை ஆறு கட்டம். "போகையில ஒரு கேனுக்கு மூணு கட்டம். வரையில எதுத்து வரணும். ரெண்டுன்னு வைப்போம்."

என் மகள் கையில் தண்ணீர் நிறைத்த நாலு பாட்டிலைக் கொடுத்துச் சைகையில் சொன்னாள். மகள் மூன்று கட்டம் போய் ஒரு பாட்டிலை வாளியில் ஊற்றினாள். இன்னும் மூன்று, இன்னொன்று. திரும்பினாள். இரண்டு கட்டம், ஒரு பாட்டில். இரண்டு கட்டம், கடைசிப் பாட்டில்.

கரைக்கு இரண்டு கட்டம் இருந்தது. நின்றுவிட்டாள்.

"ஏட்டி, நீந்தி வா," என்றான் ஒருவன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. காலியான பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்பா எங்கே என்று கையால் கேட்டாள்.

எழுந்து கரைக்கு நடந்தேன். போன் போட்டேன். போகவில்லை. அவர் போகிற பாரில், மீன் கூடும் கடல்பாறையில், டவர் கிடையாது.

பக்கத்து வள்ளக்காரர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். மூத்தவர். சொன்னேன்.

"போவ பாதி, வர பாதி. அரைக்கு அரை கொண்டு போயிருக்கான். எங்கப்பன் காலத்துலேருந்து அதான் கணக்கு. டீச்சர் எப்பம் கடலுக்குப் போனா?"

"அவ போவல. நீரு போயிருக்கீரு. இண்ணைக்கி நீவாடு எப்பிடின்னு நீரு சொல்லும்."

மணலில் ஆறு கட்டம் கீறினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். வலையைக் கீழே போட்டார்.

"எங்கெ தேட?"

"பாருக்குப் போற வழியில, கரையிலேருந்து மூணுல ஒரு பங்கு."

அவர் ஆள் சேர்த்து வள்ளம் இறக்கிப் போனார். அங்கே அவர்கள் இல்லையாம். இன்னும் வெளியே, நங்கூரம் பிடிக்காத ஆழத்தில், வள்ளம் தானாகப் போய்க்கொண்டிருந்ததாம். இரண்டு பேரும் துடுப்பை வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்களாம். வெளிச்சம் போகுமுன் கட்டி இழுத்து வந்தார்கள். வீட்டுக்காரர் மகளின் தலையில் கை வைத்தார். கையில் மண்ணெண்ணெய் வாடை.

இப்போது அவர் நீவாடு பார்த்துக் கேன் ஏற்றுகிறார். மற்றவர்கள் அரைக்கு அரைதான்.

நான் கரையில் நின்று எண்ணுகிறேன், சத்தமாக. முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வராதே என்று ஆள் விட்டுச் சொன்னார்கள்.

இன்று காலையும் இழுப்பு வெளியேதான். ஒரு வள்ளம் இறங்கியது. மூன்று பேர்.

"நாலு," என்றேன். "அஞ்சு வேணும்."

"வாய மூடுட்டி," என்று தள்ளிக்கொண்டு போனார்கள்.

மதியம் தாண்டிவிட்டது. மகள் வாசலில் கட்டம் கீறி, கரைக்கு இரண்டு கட்டம் இருக்கும் இடத்தில் மூன்று கல் வைத்திருக்கிறாள். நான் பக்கத்து வள்ளக்காரர் வீட்டுக்குப் போகிறேன்.