மலரின் பேரைக் கேட்டபோது

மலரும் நானும் திருநங்கைகள். அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவர்கள். டண்டினொங்கில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தற்காலிக விசாவில் வேலை செய்கிறோம். பொலிசில் ஒரு வழக்கு விழுந்தாலே விசா போய்விடும் என்ற பயம் எங்களோடேயே சாப்பிட்டு, எங்களோடேயே படுக்கும்.

போன மாதம் வேலைக்குப் போகும் வழியில், ஒரு ரயில் நிலையத்தில் இரண்டு பொலிஸ்காரர் மறித்தார்கள். வெள்ளைக்காரர் எத்தனையோ பேர் போய்க்கொண்டிருக்க, எங்களை மட்டும். பேர் கேட்டார்கள். "மலர்" என்றாள். ஒருவர் என் பக்கம் திரும்பி, அவளைக் காட்டி, "உண்மையான பேர் என்ன?" என்றார். நான் விசாவை நினைத்துப் பயந்து, அவளுடைய விசா அட்டையில் இருக்கும் பழைய ஆண் பேரைச் சொல்லிவிட்டேன்.

பொய்ப் பேர் தந்தாள் என்று அவளைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். "அக்கா, மூச்சு விடேலாமக் கிடக்கு!" என்று கத்தினாள். ஃபோன் என் கையில்தான் இருந்தது. படம் எடுக்கக்கூடப் பயந்து நின்றேன். கடைசியில் வழக்கில்லாமல் விட்டார்கள். அவளுக்குத் தோள்மூட்டு விலகியிருந்தது. பொலிசார் மேல் முறைப்பாடு செய்யவும் பயம்.

இப்போது ஞாயிறுகளில் எங்களைப் போன்ற எட்டுப் பேர் எங்கள் வீட்டுக் குசினியில் கூடி ஒத்திகை பார்க்கிறோம். ஒருத்தியை மறித்தால் மற்றவர்கள் விலகாமல் நிற்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், அவள் சொன்ன பேரை மாற்றிச் சொல்லக் கூடாது. பொலிசாக நடிப்பவள் மலர். என் முன்னால் வந்து, தன் நெஞ்சைத் தொட்டு, "இவளின்ர உண்மையான பேர் என்ன?" என்று கேட்கிறாள்.

"மலர்" என்கிறேன்.

"கேக்கேல்ல அக்கா. இன்னும் சத்தமாச் சொல்லுங்கோ."