சாரதியின் இடது கால்

எண்பதுகளில் நான் அம்பாறை ஆஸ்பத்திரியில் தாதி. கல்முனையிலிருந்து நான் தினமும் ஏறும் பஸ்ஸின் சாரதி மருதோன்றித் தாடிக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். ஒருநாள் அவருடைய இடது கால் மட்டும் வீங்கிச் சிவந்திருந்ததைக் கண்டேன்.

"நோவுதா, காக்கா?" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஓம் தங்கச்சி. நாள் முழுக்க இருந்தே ஓட்டுறதாலயாக்கும்."

"ஒரு கால் மட்டும் திடீரெண்டு வீங்கி நொந்தா, உள்ளுக்கு ரத்தம் கட்டியிருக்கலாம். இண்டைக்கே டொக்டரிட்டக் காட்டுங்க. மூச்சு முட்டினா உடனே ஆஸ்பத்திரிதான்."

"ட்ரிப் முடியட்டும்," என்று சிரித்தார்.

மாவடிப்பள்ளி தாண்டியதும் அவருக்கு மூச்சு வாங்கியது. பஸ்ஸை மெல்ல ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சாய்ந்தார். பின்னால் வந்த காரில் அவரை ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். காலில் கட்டிய இரத்தம் நுரையீரல்வரை போயிருந்தது. பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் கட்டிலருகே போனேன். "பஸ்ஸில இருந்த சனமெல்லாம் பத்திரமாப் போய்ச் சேந்ததா?" என்றுதான் முதலில் கேட்டார். மூச்சுக்கே திண்டாடிய மனிதருக்கு எங்கள் நினைப்பு எப்படி வந்ததென்று இன்றும் யோசிக்கிறேன்.