சண்டை போட்டுக் கேட்ட இன்னொரு படம்

என் மனைவி பிலோமினாவின் ஈரலில் புள்ளிகள் இருப்பதாகச் சொன்னபோது நான் செபிக்கவில்லை, சகோதரரே. ஆண்டவரைத் திட்டினேன்.

குடலில் வந்த புற்றை அறுத்தெடுத்து, கீமோ ஏற்றி, சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த மருந்து அவள் விரல்களை மரக்கடித்திருந்தது. ஐஸில் கிடக்கும் மீனைத் தொட்டால் தீப்பட்டதுபோல் கையை உதறுவாள். பொறுத்தோம். முடிந்துவிட்டது என்று நம்பினோம். போன தவக்காலத்தில், போர்ட் பிளேயரில் வழக்கமான ஸ்கேன். படத்தைப் பார்த்த டாக்டர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"லிவர் மே ஃபைல் கயா."

பரவிவிட்டதாம். மறுபடி கீமோவாம். அதே மருந்தாம். ஒரே ஒரு படத்தைப் பார்த்து!

"இன்னொரு தடவ அத ஏத்துனா நான் தாங்க மாட்டேன்" என்றாள் பிலோமினா.

கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு, சென்னைக்குப் போக முடிவெடுத்தோம். வைத்தியத்துக்குக் கப்பல் ஏறுகிறவர்களை எங்கள் ஹேடோ பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்தார் துறைமுக வாசலில் மாதா பாட்டுப் பாடி அனுப்புவது வழக்கம். அன்று, அன்பியத்தை நடத்தும் லூர்தக்கா கல்லறையில் பாடும் அடக்கப் பாட்டை எடுத்தார். மற்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சேர்ந்து பாடினார்கள்.

"ஏ லூர்தக்கா, நான் கப்பல்ல ஏறுதேனா, குழிக்குள்ள எறங்குதேனா?" என்று கேட்டாள் பிலோமினா.

"ஆண்டவர் சித்தம்னு ஒண்ணு இருக்குல்லாட்டி?"

"அரே, அத ஒங்ககிட்ட எப்போ வந்து சொன்னாரு? மாதா பாட்டப் பாடுங்க. இல்லன்னா வாய மூடுங்க."

பிலோமினா பையைத் தூக்கிக்கொண்டு கப்பலை நோக்கி நடந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கப்பல் தளத்தில், காற்று வாயை அடைக்க, ஆண்டவரைப் பார்த்துக் கத்தினேன்: "சாகத்தான் வேணும்னா சொல்லு, கேட்டுக்கிடுதேன். அரைகுறையாப் பாத்தவன் பேச்சுக்காக அவளக் கொல்லாத. சரியாப் பாக்குற ஒரு கண்ணக் காட்டு!" கடல் தன் பாட்டுக்குப் புரண்டது. எனக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை.

சென்னையில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா முதலில் சிடி எடுத்தார். "இத மட்டும் வச்சு நான் புற்றுன்னு சொல்ல மாட்டேன்" என்று, ஈரல் உறிஞ்சிக்கொள்ளும் ஒரு மருந்தை ஊசியில் செலுத்தி எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார். பிறகு எல்லாப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"பரவின புற்றுன்னா இந்த மருந்த வாங்காம இருட்டா நிக்கும். இது வாங்கி வெளிச்சமா நிக்குது. சிடியில ரத்தம் ஓடுற விதமும் அதத்தான் சொல்லுது. ஈரலோட சொந்தச் சதைதாங்க. பழைய கீமோ உள்ள இருக்குற சின்ன ரத்தக்குழாயக் கெடுத்ததால முடிச்சு முடிச்சா வளந்திருக்கு."

"அப்போ கீமோ?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிலோமினா என் முதுகில் ஒன்று வைத்தாள். "போதும் எந்திரிங்க. எனக்குப் பசிக்கி."

கேட்ட கண்ணை ஆண்டவர் கொடுத்தார். நன்றி. ஆனால் கோபம் தீரவில்லை. மருந்து விட்டுப்போன தழும்பைப் புற்றென்று நினைத்து, அதே மருந்தை அவள் நரம்பில் ஊற்றப் பார்த்தார்களே! நன்றி சொல்லும்போதே கை முறுக்கிக்கொள்கிறது.

முன்பெல்லாம் அன்பியக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறவன் நான். இப்போது நோயாளியின் முன்னால் யாராவது "சித்தம்" என்று இழுத்தால் எழுந்துவிடுகிறேன். "வேற படம் எடுத்தாங்களா? வேற யார் பாத்தாங்க?" என்று கேட்கிறேன். கூடவே ஆஸ்பத்திரிக்கும் போகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு தீர்ப்பு சொல்லப்பட்டிருக்கலாம். நல்ல பிள்ளையாகிவிட்டுச் செபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டே முழங்காலிடுங்கள். நான் அவரைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அவர் எழுந்து போய்விடவில்லை.